சின்னக்கண்ணு, த/பெ குப்புசாமி

இதை எழுதுகிறவன் இந்தக் கதையைப் பல வருஷமாக நம்பவில்லை. அடிவாரத்தில் மிளகுக் கடை வைத்திருக்கும் பீர் முகமது பாய், கொல்லிமலையிலிருந்து புது மிளகு இறங்கும் ஒவ்வொரு தை மாதமும் இதைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறாது. பொய் என்றால் இத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது வளர்ந்திருக்க வேண்டும். வளராமல் அப்படியே இருந்ததால்தான் ஒருவேளை உண்மையோ என்று அவனுக்குச் சந்தேகம்.

கதையில் ஒருவர் ஒன்பது வயதில் தகப்பனார் ஆகிறார். அதை நம்பினான். நூற்று நாற்பது வயதுக்காரர் ஒருவர் வருஷம் தவறாமல் நிலவரி கட்டுகிறார். அதையும் நம்பினான். ஆனால் ஓர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்த, மலைமேல் குண்டூர் நாட்டு விவசாயியைப் பார்த்து அங்கிருந்த அம்மையார் “உக்காருங்க பெரியவரே” என்று நாற்காலியைக் காட்டினார் என்று பாய் சொல்லும்போதெல்லாம் அவன் மனம் முரண்டு பிடிக்கும். மற்றதையெல்லாம் விழுங்கியவனுக்கு அந்த நாற்காலி மட்டும் தொண்டையில் நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்தவர் குப்புசாமி. வயது ஐம்பத்தேழு. இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, அதன் நிழலில் காபி, சரிவில் மரவள்ளி, மேட்டில் சாமை. மனைவி பெருமாயிக்கு நாற்பத்தெட்டு. மகள் சுகுணா கீழே நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மகன் சந்தோஷ்குமார் ஒன்பதாம் வகுப்பு.

அந்த வருஷம் ஐப்பசியில் சாமைக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருதயத்தில் அடைப்பு என்றார் டாக்டர். சீக்கிரம் ஆபரேஷன் செய்வது நல்லது என்றார். குப்புசாமி அப்போது இருதயத்தை நினைக்கவில்லை. பக்கத்துக் காட்டு மாதம்மாளை நினைத்தார். மாதம்மாளின் புருஷன் எதையும் எழுதி வைக்காமல் செத்துப்போனான். நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற அவள் ஒன்பது வருஷம் மலை இறங்கி ஏறினாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவளுக்கு மனப்பாடம். ஒரு வழியாகக் காகிதம் கைக்கு வந்தபோது பங்காளிகள் மரத்தை வெட்டி, கொடியை அறுத்து, மண்ணை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள்.

“நமக்கு அப்படி ஆகக்கூடாது. போறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிரோணும்” என்று குப்புசாமி தீர்மானித்தார். சாவுக்கு முன்னால் ஒரு மனிதன் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இது ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு டீக்கடையின் மாடியில், ‘நிலப்பெயர் ஒத்திசைவுப் பிரிவு’ என்று புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். பட்டாவில் இருக்கும் பெயரும் நிலத்தில் நிற்கும் ஆளின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அதன் உயரிய நோக்கம். இப்போது அந்தப் பிரிவு இல்லை. நோக்கம் நிறைவேறிவிட்டதால் மூடிவிட்டார்கள். எப்படி நிறைவேறியது என்பதுதான் கதை.

பிரிவின் கண்காணிப்பாளர் கோகிலவாணி. நாற்பது வயது இருக்கும். யாரிடமும் எரிந்து விழாதவர். இதற்கு முன் குப்புசாமி பார்த்த அலுவலகங்களில் எல்லாம் நிற்க வைத்தே பேசினார்கள்; நின்றுகொண்டிருப்பவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய்விடலாம். உட்கார வைத்துவிட்டால் எழுந்து போவது கஷ்டம்.

“சொல்லுங்க பெரியவரே.”

“நான் சாகறதுக்குள்ள நெலத்த ஊட்டுக்காரி பேருலயும் புள்ளைங்க பேருலயும் எழுதி வைக்கோணுங்க அம்மணி.”

“ரொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு. இங்க எல்லாரும் செத்ததுக்கு அப்புறந்தான் வாராங்க.” கோகிலவாணி கணினியில் தட்டிப் பார்த்தார். “பட்டா சின்னக்கண்ணு பேர்ல இருக்குது. தகப்பனார் பேர் குப்புசாமி. நீங்க?”

“நான் குப்புசாமிங்க. எங்கப்பன் சின்னக்கண்ணு.”

“தலைகீழா வந்திருக்கீங்களே.”

குப்புசாமி விளக்கினார். அவர்கள் வம்சத்தில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். குப்புசாமி மகன் சின்னக்கண்ணு, சின்னக்கண்ணு மகன் குப்புசாமி, அந்தக் குப்புசாமி மகன் மறுபடியும் சின்னக்கண்ணு. 1912-இல் சர்வே செய்ய வந்தவர்கள் ‘சின்னக்கண்ணு, த/பெ குப்புசாமி’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு யாரும் பட்டா மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒரு தலைமுறை பொறுத்துக்கொண்டால் அடுத்த தலைமுறையில் அதே பெயரோடு, அதே தகப்பன் பெயரோடு ஓர் ஆள் பிறந்து வந்துவிடுவான். ஸ்டாம்பும் இல்லை, மனுவும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக நிலம் தானாகவே கைமாறிக்கொண்டிருந்தது.

“அருமையான ஏற்பாடா இருக்குதே” என்று கோகிலவாணி மனப்பூர்வமாகப் பாராட்டினார். “அப்ப உங்க பையன் சின்னக்கண்ணைக் கூட்டியாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிரலாம்.”

குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். “பையன் பேரு சந்தோஷ்குமாருங்க.”

பையன் பிறந்த வருஷம் மலையில் ‘குமார்’ காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. டிவி வந்த புதிது. அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகள் ஒன்பது பேர்; ஒன்பதும் குமார். தாத்தா பெயரை வைத்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று பெருமாயி சொன்னாள். குப்புசாமியும் சரி என்றார். ஸ்டைலாக ஒரு பெயர் வைத்ததில் நூறு வருஷச் சங்கிலி அறுந்துபோகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

“சரி, போனது போச்சு” என்றார் கோகிலவாணி. “முறைப்படியே போவோம். பட்டா உங்க பேருக்கு வரோணும்னா சின்னக்கண்ணு செத்ததுக்குச் சான்று வேணும்.”

குப்புசாமி துணிப்பையிலிருந்து தன் அப்பாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

“இது உங்க அப்பா சின்னக்கண்ணு. நான் கேக்கறது 1912 சின்னக்கண்ணு.”

“அவரு எங்கப்பனோட தாத்தாங்க. அவரு போயி எம்பது வருஷமாச்சு.”

“சான்று?”

“அந்தக் காலத்துல ஏதுங்க சான்று? குழி வெட்டினவங்களும் செத்துட்டாங்க.”

“அப்ப ஒரு சிக்கல் இருக்குது பெரியவரே. அவர் பேர்ல போன வருஷம் வரைக்கும் நிலவரி கட்டியிருக்குது. செத்தவர் வரி கட்டுவாருங்களா?”

“நாந்தானுங்க கட்டினேன்.”

“அவர் உயிரோட இருக்காருன்னு வருஷா வருஷம் நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப வந்து செத்துட்டாருன்னா எப்படிங்க? அரசாங்கம் உங்களைய நம்பறதா, உங்க ரசீதை நம்பறதா?”

நேர்மையாக வரி கட்டியதற்காகக் குப்புசாமி முதல் முறையாக வெட்கப்பட்டார்.

“அதுமட்டுமில்லீங்க” என்று கோகிலவாணி குரலைத் தாழ்த்தினார். “கணினிக்கு வேண்டியது சின்னக்கண்ணு, தகப்பனார் குப்புசாமி. அவ்வளவுதான். அந்தப் பேர்ல யார் வந்து முதல்ல ஆதாரை இணைக்கறாங்களோ நிலம் அவங்களுது. பக்கத்துக் குண்டனி நாட்டுல மட்டும் அந்தப் பேர்ல பதினோரு பேரு இருக்காங்க. நான் பார்த்துட்டேன்.”

குப்புசாமியின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. “இதுக்கு வழியே இல்லீங்களா அம்மணி?”

கோகிலவாணி ரொம்ப நேரம் யோசித்தார். அவர் யோசித்துச் சொன்ன வழியில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றைக்கு வரைக்கும் எவராலும் முடியவில்லை.

“பட்டாவுல பேர் மாத்தறது பெரிய வேலைங்க. பத்து வருஷம் ஆகும். ஆனா ஆளோட பேரை மாத்தறது லேசு. அரசிதழ்ல ஒரு அறிவிப்புக் குடுத்தா மூணு மாசம். நிலத்துக்கு உங்க பேரை வைக்க முடியாதுன்னா, நிலத்தோட பேரை நீங்க வச்சுக்கோங்க.”

குப்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நானே சின்னக்கண்ணு ஆயிரட்டுங்களா?”

“நீங்க ஆகி என்ன பிரயோசனம்? நாளைக்கு நீங்க போயிட்டீங்கன்னா சின்னக்கண்ணும் போயிருவாரு. மறுபடியும் சான்று, வாரிசு, விசாரணை. உங்களுக்கு அப்புறமும் இருக்கற ஆளா வேணும்.”

“பையன்?”

“மைனர். மைனருக்குக் காப்பாளர் நீங்க. நீங்கதான் போகப்போறீங்களே.”

“புள்ள சுகுணா?”

“கட்டிக்குடுத்தா இன்னொரு தடவை மாறும். தொல்லை.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஆளை நினைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெருமாயி கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். குப்புசாமி விஷயத்தைச் சொன்னார். அவள் துடுப்பை நிறுத்தவில்லை.

“எங்கப்பன் வச்ச பேருங்க அது.”

“நான் பெருமாயின்னுதான் கூப்புடுவேன்.”

“அப்பச் சின்னக்கண்ணுன்னு யாரு கூப்புடுவா?”

“கவர்மெண்டு.”

“அது என்னைய எப்பக் கூப்புட்டுச்சு?”

“மாதம்மாளப் பாரு புள்ள” என்றார் குப்புசாமி. பெருமாயி களியை இறக்கி வைத்தாள். மாதம்மாளின் செருப்பில்லாத கால் அவர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

படிவத்தை நிரப்பும்போது அடுத்த விஷயம் வந்தது. பெயர் மட்டும் சின்னக்கண்ணு ஆனால் போதாது. தகப்பன் பெயரும் குப்புசாமி ஆகவேண்டும். பெருமாயி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“எம் புருஷம் பேரை அப்பன் பேருன்னு எழுதறதாங்க?”

“ஆமாங்க.”

“அப்பப் புருஷம் பேரை எங்க எழுதறது?”

கோகிலவாணி பரிவோடு சொன்னார். “1912-ல சின்னக்கண்ணுக்குப் புருஷன் இல்லீங்களே அம்மா.”

மறுக்க முடியாத உண்மை. பெருமாயி எழுதினாள். ‘மேற்படி சின்னக்கண்ணு என்பவரை முப்பது ஆண்டுகளாக நன்கு அறிவேன்’ என்று பீர் முகமது பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அப்போது தன் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்று பாய் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்.

அரசிதழ் வந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் குப்புசாமி தன் மனைவிக்குத் தகப்பன் ஆனார். ரேஷன் கார்டில் திருத்தியபோது, பட்டாவில் சின்னக்கண்ணு ஆண் என்பதாலும், சுகுணாவுக்கும் சந்தோஷ்குமாருக்கும் குப்புசாமியே தகப்பன் என்பதாலும், பெருமாயி அவர்களுக்கு மூத்த அண்ணன் என்று வந்தது. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டையில் ‘காப்பாளர்: அண்ணன்’ என்ற இடத்தில் பெருமாயி கையெழுத்துப் போட்டாள். வகுப்பாசிரியர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையன் கணக்கில் கவனம் செலுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

“அம்மா, நீ எனக்கு அண்ணன்னா செலவுக்கு நீதான் குடுக்கோணும்” என்றான் சந்தோஷ்குமார்.

“அண்ணங்காரன் அடிக்கவும் செய்வான் கண்ணு” என்றாள் பெருமாயி.

ஆதாரைப் பட்டாவோடு இணைக்கும் நாள் வந்தது. கணினி சிவப்பு எழுத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டி நின்றுவிட்டது. ‘தந்தை வயது 57. மகன் வயது 48. சரிபார்க்கவும்.’

“ஒம்பது வயசுல பெத்திருக்கீங்க” என்றார் கோகிலவாணி.

“நான் பெக்கவே இல்லீங்க அம்மணி. கட்டிக்கிட்டேன்.”

“அது எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியமாட்டேங்குதே.” கோகிலவாணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “அந்தம்மா வயசைக் குறைக்க முடியாதுங்க. பட்டாதாரருக்கு நூத்தி நாப்பது வயசு இருந்துச்சு. மேலிடத்துல எழுதிப் போட்டுக் கெஞ்சித்தான் நாப்பத்தெட்டுக்குக் கொண்டு வந்திருக்கேன். இதுக்கு மேல கேட்டா சந்தேகப்படுவாங்க. உங்க வயசை ஏத்திரலாம். ஒரு இருவது வருஷம்.”

“இருவதா?”

“எழுவத்தேழு. மரியாதையான வயசுங்க.”

கையில் இருந்த இருபது வருஷத்தைக் குப்புசாமி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். படி இறங்கும்போது எதிரே வந்த டீக்கடைக்காரன் தமிழ்ச்செல்வன், “ஏனுங்க, வேலை முடிஞ்சுதுங்களா?” என்றான். “முடிஞ்சுது சாமி. கெழவனாயிட்டேன்” என்றார் குப்புசாமி.

பட்டா வழங்கும் விழா செம்மேட்டில் சந்தை கூடும் நாளாகப் பார்த்து நடந்தது. பந்தல், மைக், நாற்காலிகள். கீழிருந்து ஒரு மேலதிகாரி வந்திருந்தார். நூற்றுப் பத்து ஆண்டுகளில் முதல் முறையாகப் பட்டாவில் உள்ள பெயரும் பட்டா பெறுபவர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் இந்த வரலாற்றுத் தருணத்தில் தான் பேச்சற்று நிற்பதாக அவர் முக்கால் மணி நேரம் பேசினார். “திரு. சின்னக்கண்ணு அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்” என்றார்கள். பெருமாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மேலதிகாரி ஒரு கணம்கூடத் தயங்காமல் அவள் தோளில் துண்டைப் போர்த்தி, கையில் ஒரு வேட்டியையும் கொடுத்தார். குண்டனி நாட்டுப் பதினோரு சின்னக்கண்ணுகளும் வந்திருந்தார்கள். ஒரு வாரம் முந்தியிருந்தால் தங்களுக்குக் கிடைத்திருக்கும் என்ற துக்கத்தை அடக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகுதான் மலையில் அடுத்த காய்ச்சல் பிடித்தது. பத்து வருஷ வேலை மூன்று மாதத்தில் முடிகிறதென்றால் யார் விடுவார்கள்? தீபா மூக்கன் ஆனாள். பிரியதர்ஷினி கருப்பண்ணன் ஆனாள். ஒன்பது குமார்களில் எட்டுப் பேர், வயது வந்ததும் மாற்றிக்கொள்வதற்காக, கொள்ளுத்தாத்தா பெயரை இப்போதே மனப்பாடம் செய்தார்கள். நூறு நாள் வேலையில் பேர் கூப்பிட்டால் 1912 எழுந்து “உள்ளேனுங்க” என்றது. கொஞ்ச நாளில் அவசியம் போய் அது நாகரிகம் ஆயிற்று. நிலமே இல்லாதவர்கள்கூட ஒரு பழைய பெயரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புதுப்பெயரோடு இருப்பவனை ‘பாவம், காடில்லாதவன் போல’ என்று பார்த்தார்கள். பெண் பார்க்கப் போனால் படிப்பைக் கேட்பதில்லை. “பொண்ணு யாரு பேர்ல இருக்குதுங்க?” என்றுதான் கேட்டார்கள்.

பிரிவு மாநில அளவில் பரிசு வாங்கியது. நூற்றுக்கு நூறு ஒத்திசைவு. பட்டாவில் ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் சாதித்திருந்தார்கள்.

இந்த இடத்தில் பாய் எப்போதும் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

மறு வருஷம் சித்திரையில் குப்புசாமிக்கு மறுபடியும் வலி வந்தது. கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார், காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகவே செய்யலாம் என்றார் ஓர் இளம் டாக்டர். கார்டை வாங்கிப் பார்த்தார். திரும்பக் குப்புசாமியைப் பார்த்தார்.

“எழுவத்தெட்டா? எழுவத்தஞ்சுக்கு மேல இந்தத் திட்டத்துல அனுமதி இல்லீங்களே ஐயா.”

“ஓ.”

“உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலை. தப்பா விழுந்திருக்கும். கார்டைத் திருத்திட்டு வாங்க. அடுத்த வாரமே பண்ணிரலாம்.”

திரும்பும் வழியில் குப்புசாமி பாயின் கடையில் இறங்கினார். மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பெருமாயியிடம்கூட.

“வயசைத் திருத்துங்க முதல்ல” என்றார் பாய். “நாளைக்கே நானும் மேல வாரேன். அந்த ஆபீஸ் அம்மாகிட்டப் பேசறேன்.”

“அம்பத்தெட்டுன்னு திருத்தினா ஒம்பது வயசுல பெத்ததா ஆயிரும் பாய். சிவப்பு எழுத்து வரும். அவ சின்னக்கண்ணு இல்லைன்னு ஆயிரும். காடு போயிரும்.”

“காடு கெடக்குது குப்புசாமி. முதல்ல உசுரு.”

“உசுரு போனா பத்து நாள் அழுவாங்க. பட்டா போனா ஒம்பது வருஷம் அழோணும்.” குப்புசாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “அது போக, இப்ப எனக்கு எழுவத்தெட்டாச்சு. வாழ்ந்தாச்சுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார் என்று பாய் சொல்வார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாராம்.

ஆனி மாதம் காபிச் செடிக்கு நடுவில் குப்புசாமி விழுந்தார். எழுபத்தெட்டு வயதில் இயற்கையான மரணம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரே நாளில் கிடைத்தது. அந்த வயதுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

பிணத்தை எடுக்கும்போது பங்காளிகள் கூடிவிட்டார்கள். மலையில் முதல் பிடி மண்ணை மூத்த மகன் போடவேண்டும். சந்தோஷ்குமாரை முன்னால் தள்ளினார்கள். இறப்பைப் பதிவு செய்ய வந்திருந்த கிராம நிர்வாக அலுவலர் முருகானந்தம், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, ரொம்பத் தயங்கி, “பதிவுப்படி மூத்த மகன் இவன் இல்லீங்க” என்றார்.

பெருமாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் பட்டாவையே மறுத்த மாதிரி ஆகும். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் மூக்கனும் கருப்பண்ணனும்.

மூன்றாம் நாள் தாலியை எடுக்க வேண்டும் என்று பெரிய பங்காளி வந்து சொன்னார்.

“எதுக்குங்க?” என்றாள் பெருமாயி.

“எதுக்கா? உன்ற புருஷன் செத்திருக்கான் புள்ள.”

பெருமாயி உள்ளே போய் அரசிதழை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். “படிச்சுப் பாருங்க. எங்கப்பன்தான் செத்திருக்காரு. நான் அவரு மகன். மகன் எதுக்குங்க தாலி கழட்டோணும்?”

பெரிய பங்காளி படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். மலையில் முதல் முறையாக ஓர் அரசாங்கக் காகிதத்துக்கு முன்னால் சம்பிரதாயம் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிற்று.

விதவை உதவித்தொகை அவளுக்குக் கிடைக்கவில்லை. மனு கொடுத்தபோது, மனுதாரர் ஆண், திருமணம் ஆகாதவர், எனவே நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. பெருமாயி அதைச் சுகுணாவை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தாள். மிளகு அவள் கையில் இருக்கிறது. காபி இருக்கிறது. ஒருத்தனும் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. குப்புசாமி நினைத்தது நடந்தது. நடந்ததைப் பார்ப்பதற்கு அவர் மட்டும் இல்லை.

இந்தத் தை மாதமும் இதை எழுதுகிறவன் அடிவாரத்துக்குப் போனான். பாய் சொல்லி முடித்தார். இவன் இவ்வளவு வருஷமும் இந்தக் கதையைக் கேட்டு எந்த இடத்தில் சிரித்தானோ, அதே இடங்களில் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஐம்பதைத் தாண்டினால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. பாயின் மனைவி அலிமா பீவி இரண்டாவது டீயை வைத்துவிட்டுப் போனார்.

“பாவம் மலைக்காரங்க, வெள்ளந்தி” என்றார் பாய். “ஒரு ஆபீஸ் சொல்லிச்சுன்னு ஆளையே மாத்திக்கிட்டாங்க.”

“உங்களுக்கெல்லாம் அந்தத் தொந்தரவு இல்லையா பாய்?”

“எங்களுக்கு என்ன தொந்தரவு? இந்தக் கடை லைசென்சு எங்க தாத்தா காலத்துல, 1941-ல எடுத்தது. பீர் முகமது பேர்லதான் இன்னிக்கும் இருக்குது. கரண்டு பில்லு, வரி ரசீது எல்லாம் அதே பேர்தான். இத்தனை வருஷத்துல ஒரு ஆபீசர் வந்து ஒரு கேள்வி கேட்டதில்லை.”

பாய்க்கு அறுபத்திரண்டு வயது. கடை வாசலில் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார். இதை எழுதுகிறவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தன் வீட்டு வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்று யோசிக்க ஆரம்பித்தான். அதை அங்கேயே நிறுத்திக்கொண்டான். அரசிதழ் படிவத்தில் எந்தக் கட்டத்தில் பழைய பெயர், எந்தக் கட்டத்தில் புதுப்பெயர் என்று பாய் ஒவ்வொரு வருஷமும் தடுமாறாமல் சொல்வது அவன் நினைவுக்கு வந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

“பாய்,” என்றான், “உங்க வாப்பா உங்களுக்கு வச்ச பேரு என்னங்க?”